விடைக்குறிப்பு போதாது, தீர்வு வேண்டும்

1982 மே மாதம் அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை ஏறக்குறைய மூன்று லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். கணிதப் பகுதியில் ஒரு வினா. ஒரு சிறிய வட்டம், ஒரு பெரிய வட்டம். சிறியதன் ஆரம் பெரியதன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறிய வட்டம் பெரியதன் விளிம்பை ஒட்டியே உருண்டு போகிறது. அதன் மையம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் சிறிய வட்டம் எத்தனை முறை சுழன்றிருக்கும்? ஒன்றரை, மூன்று, ஆறு, நாலரை, ஒன்பது என்று ஐந்து விடைகள் கொடுக்கப்பட்டிருந்தன. தேர்வு நிறுவனத்தின் விடைக்குறிப்பு சொன்னது மூன்று. பெரிய வட்டத்தின் சுற்றளவு சிறியதைப் போல மூன்று மடங்கு, ஆகவே மூன்று சுற்று என்பது கணக்கு. பார்த்த மாத்திரத்தில் சரியென்று தோன்றும் இந்தக் கணக்கு தவறு. சரியான விடை நான்கு. கொடுக்கப்பட்ட ஐந்தில் அது இல்லவே இல்லை.

நம்ப மறுப்பவர்கள் ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்களை மேசையில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதை அதன் விளிம்பில் வழுக்காமல் உருட்ட வேண்டும். இரண்டின் சுற்றளவும் ஒன்றுதானே, ஒரு வட்டம் வருவதற்குள் ஒருமுறைதான் சுழலும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பாதி வழியிலேயே நாணயத்தின் தலைப்பக்கம் மறுபடி நேராக வந்து நிற்கும். முழு வட்டம் முடியும்போது இரண்டு சுழற்சி ஆகியிருக்கும். உருளும் வட்டத்தின் மையம் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் இங்கே கணக்கு. சிறிய வட்டத்தின் ஆரம் 1, பெரியதன் ஆரம் 3 என்றால், அந்த மையம் 4 ஆரமுள்ள வட்டத்தில் பயணம் செய்கிறது. அதனால் நான்கு சுழற்சி. பெரிய வட்டத்தின் சுற்றளவு நீளத்தை நேர்கோட்டில் உருண்டிருந்தால் மூன்றுதான். சுற்றி வந்ததற்காக ஒன்று கூடுகிறது. ஓர் ஆண்டில் நாம் எண்ணும் நாட்களைவிடப் பூமி ஒருமுறை கூடுதலாகத் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது என்று வானியலில் சொல்வார்களே, அதுவும் இதே கணக்குத்தான்.

மூன்று மாணவர்கள் தேர்வு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மூன்று லட்சத்தில் மூன்று பேர். நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு அந்த வினாவைக் கணக்கிலிருந்து நீக்கி, எல்லாருக்கும் மதிப்பெண்ணைத் திருத்தியது. 200 முதல் 800 வரை போகும் அளவுகோலில் அந்தத் திருத்தத்தால் ஏற்பட்ட மாற்றம் சில புள்ளிகள்தான். இத்தோடு விஷயம் முடிந்தது என்று தேர்வு நடத்துபவர்கள் நினைக்கலாம். தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்து நான்கு என்று கண்டுபிடித்த பிள்ளையின் இடத்தில் நின்று பார்த்தால்தான் முடியவில்லை என்பது தெரியும். ஒரு வினாவுக்குக் கிடைப்பதோ ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். அந்த நேரத்துக்குள் சரியாகக் கணக்குப் போட்டவர் விடைகளைப் பார்க்கிறார். தன் விடை அங்கே இல்லை. தேர்வு நிறுவனம் தவறு செய்திருக்கும் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்? தன்னிடம்தான் தவறு என்று மறுபடி போடுகிறார். மறுபடியும் நான்கு. இதற்குள் அடுத்த இரண்டு வினாக்களுக்கான நேரம் போய்விட்டது. மூன்று என்று பட்டென்று குறித்துவிட்டு நகர்ந்தவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. பிறகு வினாவை நீக்கும்போது அந்த ஒரு வினாவுக்கான மதிப்பெண்தான் நேராகிறது. போன நேரமும் குலைந்த நம்பிக்கையும் அதற்குப் பின்னால் வந்த வினாக்களில் விழுந்த அடியும் எந்தத் திருத்தப் பட்டியலிலும் வராது. பிழையான கணித வினா எல்லாரையும் சமமாகத் தாக்குவதில்லை. ஆழமாக யோசிப்பவரைத்தான் தேடிப் பிடித்து அடிக்கிறது.

இது தனி விபத்தாக இருந்தால் நாற்பது ஆண்டு கழித்து எழுத வேண்டியதில்லை. அதற்கு முன், 1980 அக்டோபரில், அதே நிறுவனம் நடத்திய முன்னோட்டத் தேர்வில் வேறொரு வினா வந்தது. எல்லாப் பக்கங்களும் சமபக்க முக்கோணமாக உள்ள ஒரு நான்முகி. சதுர அடித்தளமும் நான்கு சமபக்க முக்கோணப் பக்கங்களும் கொண்ட ஒரு பிரமிட். முக்கோணங்கள் எல்லாம் ஒரே அளவு. ஒன்றின் முக்கோணத்தை மற்றதன் முக்கோணத்தோடு பொருத்தி ஒட்டினால் வெளியே எத்தனை முகங்கள் தெரியும்? நான்கும் ஐந்தும் ஒன்பது, ஒட்டியதில் மறைந்தவை இரண்டு, மிச்சம் ஏழு என்றது விடைக்குறிப்பு. புளோரிடாவைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவர் ஐந்து என்று குறித்தார். அவருக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. ஒட்டும்போது இரண்டு இடங்களில் நான்முகியின் முகமும் பிரமிட்டின் முகமும் ஒரே தளத்தில் வந்து சேர்ந்து, இரண்டு முக்கோணங்கள் ஒரே சாய்சதுரமாகிவிடுகின்றன. இப்படிப்பட்ட இரண்டு பிரமிட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவே உள்ள இடைவெளியில் அந்த நான்முகி கச்சிதமாகப் பொருந்தும் என்பதை மனக்கண்ணில் கண்டவருக்கு இதற்குக் காகிதமே தேவையில்லை. 1981 மார்ச்சில் இது வெளியானபோது 2,40,000 பேரின் மதிப்பெண்கள் உயர்த்தப்பட்டன.

மூன்றாவது, 1996 அக்டோபர். முதல் எண் 1. அதன் பிறகு ஒவ்வோர் எண்ணும் முந்தையதை ‘அ’ என்ற எண்ணால் பெருக்கி வருவது. மொத்தம் ஒற்றைப்படை எண்ணிக்கையில் எண்கள். இந்த வரிசையின் இடைநிலை அளவும், வரிசையில் நட்டநடுவே நிற்கும் எண்ணும் சமமா என்பதுதான் கேட்டதன் சாரம். ‘அ’ என்பது 2 என்றால் வரிசை 1, 2, 4. இடைநிலை 2, நடுவில் இருப்பதும் 2. சமம். ஆனால் ‘அ’ என்பது மைனஸ் 2 ஆக இருந்தால்? வரிசை 1, மைனஸ் 2, 4. ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவே வருவது 1. சமமில்லை. அதனால் ‘கொடுத்த விவரத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது’ என்பதே சரியான விடை. ‘அ’ மிகை எண் என்று வினாவில் எங்கும் சொல்லவில்லை. வினா எழுதியவர் மனத்தில் மட்டும் அப்படி இருந்தது. இதையும் ஒரு மாணவர்தான் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், சுமார் 45,000 பேருக்கு அதிகபட்சம் 30 புள்ளிகள் வரை மதிப்பெண் கூடியது.

இந்த மூன்றிலும் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. அச்சுப்பிழையும் இல்லை. மூன்றிலும் வினா எழுதியவர் சொல்லாமல் விட்ட ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது: உருளும் தூரம் என்பது விளிம்பின் நீளம்தான்; ஒட்டிய முகங்கள் ஒரே தளத்தில் வந்து சேராது; எண் மிகை எண்தான். இந்த அனுமானங்கள் விடைக்குறிப்பில் தெரியாது, ஏனென்றால் விடைக்குறிப்பு என்பது ஓர் எண்ணும் ஓர் எழுத்தும்தான். 17-ஆம் வினாவுக்கு விடை ‘ஆ’ என்பதைப் பத்து நிபுணர்கள் பார்த்தாலும் பத்துப் பேரும் தலையாட்டிவிடுவார்கள். மூன்றுதான் விடை என்பதற்கு முழுத் தீர்வையும் வரிவரியாக எழுது, மற்ற விடைகள் ஏன் வரமுடியாது என்பதையும் எழுது என்று ஒருவரை உட்கார வைத்திருந்தால், ‘சிறிய வட்டம் கடக்கும் தூரம்’ என்று எழுதும் இடத்தில் எதன் தூரம் என்ற கேள்வி வந்தே தீரும். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: சேர்க்கைத் தேர்வு நடத்தும் எந்த அமைப்பும் விடைக்குறிப்பை மட்டும் வெளியிட்டுவிட்டுக் கையைக் கழுவக்கூடாது. ஒவ்வொரு வினாவுக்கும் முழுத் தீர்வை எழுதி வைத்திருக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் அதை வெளியிட வேண்டும். அப்படி எழுத முடியாத வினா தேர்வுக்கே போகக்கூடாது.

எங்களிடம் புள்ளியியல் சோதனை இருக்கிறது என்பார்கள் தேர்வு நடத்துபவர்கள். வினாக்களை முன்கூட்டியே சிறிய குழுக்களிடம் கொடுத்துப் பார்ப்பதும், மொத்தத்தில் அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் அந்த வினாவில் சரியான விடையைக் குறித்திருக்கிறார்களா என்று ஒப்பிடுவதும் இந்தத் துறையில் வழக்கமான முறை. நல்ல மாணவர்கள் ஒரு விடையையும் மற்றவர்கள் வேறு வேறு விடைகளையும் குறித்தால், வினா தரமானது என்று கொள்வார்கள். குழப்பமான வாக்கியத்தையும் தவறாக அச்சான விடையையும் இது பிடித்துவிடும். ஆனால் வட்டக் கணக்கு போன்ற பிழை இந்த வலையில் சிக்காது. நன்றாகப் படித்த மாணவர்களில் பெரும்பாலோர் வினா எழுதியவர் போன அதே குறுக்குவழியில் போய் அதே தவறான விடையில்தான் இறங்குவார்கள். புள்ளிவிவரத்தைப் பார்த்தால் வினா அருமையாக வேலை செய்வதாகத் தோன்றும். ஒரு பிழையைப் பலர் சேர்ந்து செய்தால் அது சராசரியில் மறைந்துவிடுகிறது. கணிதத்தில் பெரும்பான்மை வாக்குக்கு மதிப்பில்லை என்று எல்லாருக்கும் தெரியும், தேர்வு முறையைத் தவிர.

‘குறை இருக்கலாம், ஆனாலும் விடை கண்டுபிடிக்க முடிகிறதே’ என்பது இன்னொரு வாதம். தென்கொரியா இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடத்தும் அங்கத்திய கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில், 2021 நவம்பரில் உயிரியல் இரண்டாம் தாளின் 20-ஆம் வினா ஒரு விலங்குக் கூட்டத்தின் மரபணு விகிதங்களைக் கணக்கிடச் சொன்னது. பெயருக்குத்தான் உயிரியல், உள்ளே முழுக்க இயற்கணிதம். கொடுத்த நிபந்தனைகளை வைத்து முழுதாகக் கணக்குப் போட்டால், ஒரு வகை விலங்குகளின் எண்ணிக்கை சுழிக்கும் கீழே போனது. மைனஸ் எண்ணிக்கையில் விலங்குகள் எங்கே மேயும்? தேர்வை நடத்திய அமைப்போ, நிபந்தனைகள் முழுமையாக இல்லாவிட்டாலும் மாணவரின் தேர்ச்சியை அளக்க வினா பயன்படும் என்று வாதிட்டது. அதாவது, நாங்கள் எதிர்பார்த்த படியில் நிறுத்திக்கொண்டவருக்கு விடை கிடைக்கும். அதற்கு மேலும் ஒரு படி போய்ச் சரிபார்த்தவர் தன் பொறுப்பில் போனார் என்று பொருள். சியோல் நிர்வாக நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. டிசம்பர் 15 அன்று அந்த விடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எல்லாருக்கும் மதிப்பெண் வழங்கப்பட்டது. அமைப்பின் தலைவர் பதவி விலகினார். மாணவர் செய்த சரிபார்ப்பை வினா எழுதியவர்கள் செய்திருந்தால், அந்த மைனஸ் எண் அவர்கள் தாளிலேயே வந்து விழுந்திருக்கும்.

நம் நாட்டில் நிலைமை சற்று வேறு. இங்கே விடைக்குறிப்புக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இருக்கிறது. 1983-இல் கான்பூர் பல்கலைக்கழகத்துக்கும் சமீர் குப்தாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிதான் இன்றும் அடிப்படை. உத்தரப் பிரதேச மருத்துவ நுழைவுத் தேர்வில் எழுந்த வழக்கு அது. விடைக்குறிப்பு தவறு என்று நிரூபிக்கப்படாத வரை அது சரி என்றே கொள்ள வேண்டும். நீண்ட தர்க்கத்தால் வளைத்துக் காட்டுவது போதாது, அந்தத் துறை அறிந்த எவரும் ஏற்க முடியாத அளவுக்குத் தவறு என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த வழக்கில் பாடநூல்கள் மாணவர் பக்கம் இருந்ததால் அவர்களே வென்றார்கள் என்பதையும், விடைக்குறிப்பை வெளியிட வேண்டும், இரு பொருள் தரும் வினாக்களை விலக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு அறிவுறுத்தியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் பிற்காலத்தில் நிலைத்தது முதல் பாதிதான். 2017-இல் ரண் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது: சந்தேகம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்துபவருக்கே.

நீதிபதிகள் ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. அவர்கள் கணித ஆசிரியர்கள் இல்லை. ஒவ்வொரு வினாவையும் நீதிமன்றத்தில் திறந்தால் எந்தச் சேர்க்கையும் முடியாது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் ஆண்டு வீணாகும். இது கனமான காரணம்தான். ஆனால் வரலாறு, உயிரியல் போன்ற பாடங்களுக்குப் பொருந்தும் இந்த அளவுகோல் கணிதத்தில் தடுமாறுகிறது. அந்தப் பாடங்களில் பாடநூலைத் திறந்து காட்டலாம். கணிதத்தில் ஒரு விடை தவறு என்று காட்ட இருக்கும் ஒரே வழி தர்க்கம்தான். வட்ட வினாவின் விடைக்குறிப்பைத் தயாரித்தவர்களும் சரிபார்த்தவர்களும் துறை அறிந்தவர்கள்தாம். மூன்று என்பதை அவர்கள் அத்தனை பேரும் ஏற்றார்கள். ‘துறை அறிந்த எவரும் ஏற்க முடியாத’ என்ற அளவுகோலை அன்றைக்கு வைத்திருந்தால், கடிதம் எழுதிய மூன்று பேரும்தான் தோற்றிருப்பார்கள். நீதிமன்றம் தலையிடாமல் இருப்பதற்குச் சொல்லும் காரணம், தேர்வு அமைப்பு தன் தவறைத் தானே தேடாமல் இருப்பதற்குச் சாக்காகிவிடக்கூடாது. நீதிபதியால் முடியாது என்றால் அதைச் செய்ய வேண்டிய பொறுப்பு அமைப்பின் மேல் கூடுகிறது; குறைவதில்லை.

தவறு வெளிவந்த பிறகு செய்யும் பரிகாரங்களும் ஒன்றுகூட முழுமையாக நியாயம் செய்வதில்லை. 2017 ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் பிழையான வினாக்களுக்காக 366-க்கு 18 மதிப்பெண்கள் போனஸாக எல்லாருக்கும் தரப்பட்டன. அந்த வினாக்களைத் தொட்டவருக்கும் தொடாதவருக்கும் ஒரே மாதிரி. தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் தேர்வில், விட்டுவிடுவது நல்லது என்று புத்திசாலித்தனமாகத் தாண்டிப் போனவரும், பத்து நிமிடம் போராடியவரும் ஒரே நிலைக்கு வந்தார்கள். முயன்றவர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்று வழக்கு. ஜூலை 7 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையை நிறுத்தி வைத்தது. 10-ஆம் தேதி தடையை விலக்கியது, ஆயிரக்கணக்கானோர் அதற்குள் சேர்ந்துவிட்டிருந்தார்கள். முயன்றவர்களுக்கு மட்டும் என்பதும் சுத்தமான தீர்வில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கியவரும் ‘முயன்றவர்’ பட்டியலில் வந்துவிடுவார். வினாவையே நீக்கினால், அதில் நேர்மையாக நேரம் செலவிட்டவர் மீண்டும் நஷ்டப்படுகிறார். 2024 நீட் தேர்வின் இயற்பியல் வினா ஒன்றில், பழைய பாடநூல் பதிப்பு வேறுவிதமாகச் சொன்னது என்ற காரணத்தால் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தது தேசியத் தேர்வு முகமை. உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யிடம் கேட்டது, மூன்று நிபுணர்கள் பார்த்து ஒரே விடைதான் சரி என்றார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மதிப்பெண்கள் குறைந்தன. 720-க்கு 720 எடுத்தவர்களின் எண்ணிக்கை கடைசியில் 17 ஆகச் சுருங்கியது. தேர்வு நடந்தது மே 5. நிபுணர் அறிக்கை வந்தது ஜூலை 23. அந்த மூன்று நிபுணர்களும் எழுதிய தீர்வை மே மாதத்துக்கு முன்பே யாராவது எழுதியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா? எந்த மருந்தும் நோயைக் குணப்படுத்தாத இடத்தில் நோய் வராமல் தடுப்பது ஒன்றே வழி. தீர்வை முன்கூட்டியே எழுதி வைக்கும் பழக்கத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அதனால்தான்.

‘ஆயிரம் வினாவில் ஒன்று தவறுவது இயல்பு, மாணவர்கள் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கோச்சிங் சென்டர்களில் இதுவே பாடம்: வினா இடறினால் நின்று யோசிக்காதே, எழுதியவர் என்ன நினைத்திருப்பார் என்று ஊகித்து ஒன்றைக் குறித்துவிட்டு நகர்ந்து போ. தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு நானும் இதையே சொல்வேன். மூன்று மணி நேரத்துக்குள் நியாயம் கேட்க அது இடமில்லை. ஆனால் அந்த அறிவுரை பலிக்கிறது என்றால் தேர்வு எதை அளக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வட்ட வினாவுக்கு மூன்று என்ற விடையைக் காப்பாற்றவும் வழி உண்டு: இரு மையங்களையும் இணைக்கும் கோடும் கூடவே சுற்றுகிறது, அந்தக் கோட்டை வைத்து அளந்தால் மூன்று சுழற்சிதான் வரும். கணிதப்படி அதில் பிழையில்லை. வினாவில் அப்படி அளக்கும்படி சொல்லியிருந்தால் நல்ல வினாவாகவே இருந்திருக்கும். சொல்லாததை ஊகித்து எடுத்துக்கொள்பவரைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சைக்கும் கணிதப் பரீட்சைக்கும் நடுவே உள்ள தூரம் சின்னதில்லை. பொறியியலுக்கும் அறிவியலுக்கும் நாம் ஆள் தேடுவது, கொடுத்த விவரத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களை.

தீர்வுகளை வெளியிட்டால் வினாக்களை மறுபடி பயன்படுத்த முடியாது, வழக்குகள் பெருகும் என்பது நிர்வாகத் தரப்பின் எதிர்ப்பு. முதல் பாதி அமெரிக்காவில் பழைய சண்டை. நியூயார்க் மாநிலம் 1979-இல், வினாக்களையும் விடைகளையும் மாணவருக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றியபோது தேர்வு நிறுவனங்கள் இதையேதான் சொல்லி எதிர்த்தன. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து அதிக நாள் ஆவதற்குள் பிரமிட்டும் வட்டமும் வெளியே வந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை பிழைகள் பெட்டிக்குள்ளேயே கிடந்து மக்கிப்போயின என்ற கேள்வி தானாக எழுகிறது. இப்போது எஸ்.ஏ.டி. கணினித் தேர்வாகிவிட்டது, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வினாக்கள், முன்புபோல எழுதிய வினாக்களைத் திரும்ப வாங்கிப் பார்க்கும் வசதியும் நிறுத்தப்பட்டுவிட்டது. பிழைச் செய்தி வராமல் இருப்பதைப் பிழையே இல்லை என்று அங்கே இனி எடுத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டிலோ இந்த வாதத்துக்கு வேரே இல்லை. நீட், ஜே.இ.இ. வினாத்தாள்கள் ஏற்கெனவே வெளியாகின்றன. கோச்சிங் சென்டர்கள் அன்று மாலையே முழுத் தீர்வையும் போட்டுவிடுகின்றன. வினா எழுதிய அமைப்பு மட்டும் தன் தீர்வைச் சொல்லாமல் எழுத்தை மட்டும் வெளியிடுகிறது.

வழக்குகள் பெருகும் என்ற அச்சத்துக்குத் தேசியத் தேர்வு முகமையின் இன்றைய நடைமுறையே பதில். உத்தேச விடைக்கு ஆட்சேபம் சொல்ல வினா ஒன்றுக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும். அது திரும்பி வராது. ஆட்சேபம் ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று ஆட்சேபித்தவருக்குத் தனியே சொல்லமாட்டார்கள். தள்ளினால் காரணமும் கிடையாது. இறுதி விடைக்குறிப்பில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். காரணம் தெரியாதவன்தான் நீதிமன்றத்துக்குப் போகிறான். தன் வழியில் எந்தப் படி தவறு என்பதை ஒரு பக்கத் தீர்வில் பார்க்கும் மாணவர், அதுவும் கணிதத்தில், பெரும்பாலும் அங்கேயே சமாதானமாகிவிடுவார். சமாதானமாகாதவர் வாதத்தில் ஏதோ சரக்கு இருக்கிறது என்று பொருள். வீணாக ஆட்சேபிப்பவர்களைத் தடுக்கக் கட்டணம் வேண்டும் என்றால் இருக்கட்டும். சரியாகச் சொன்னவருக்காவது பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? அமைப்பின் வேலையை இலவசமாகச் செய்து கொடுத்த பிள்ளையிடம் அதற்கும் கட்டணம் வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

செலவு பெரிதா என்று கேட்டால், நீட் தாளில் 180 வினாக்கள். வினா எழுதாத, விடைக்குறிப்பைப் பார்க்காத ஒருவர் ஒவ்வொன்றையும் தனியாகத் தீர்த்து எழுத வேண்டும். அவருடைய விடையும் வினா எழுதியவரின் விடையும் ஒத்துப்போனால் மட்டும் போதாது, அவர் ஏதாவது ஓரிடத்தில் ‘இதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தால் அந்த வரி வினாவுக்குள் போக வேண்டும். ரகசியம் கசியும் என்ற கவலைக்கு, வினா எழுதுபவர்களை எப்படிப் பூட்டி வைக்கிறார்களோ அப்படியே இவர்களையும் வைக்கலாம். தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் என்று வழக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு வீதம் 196 மதிப்பெண்கள் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்ற விதி தேர்வு நடத்தியவர்கள் கையில் இருந்தது. மொத்தமாக 196 கொடுப்பது மிகை என்ற எதிர்ப்பில் நியாயம் இருக்கலாம்; ஆனால் தமிழில் மட்டும் படித்த ஒரு பிள்ளை, தன் தாளில் உள்ள வாக்கியம் பிழை என்று கண்டுபிடித்து, பக்கத்திலுள்ள ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, அதே நிமிடத்துக்குள் கணக்கையும் முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் எங்கே இருக்கிறது? ஆகவே தனியாகத் தீர்வு எழுதுபவரிடம் தமிழ்த் தாளை மட்டும் கொடுக்க வேண்டும், ஆங்கிலத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. இந்திக்கும் வங்காளத்துக்கும் மற்ற மொழித் தாள்களுக்கும் அப்படியே. எந்த வினாவில் அவருக்கு விடை வரவில்லையோ, அந்த வினாவைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே திருத்திவிடலாம்.